ஒரே பத்தி, வேறு வேறு வரிகள்

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் ஒரு பத்தியை வரி வரியாக வெட்டிக்கொண்டு போவதில்லை. பத்தி முழுவதையும் படித்துவிட்டு, எங்கெங்கே முறித்தால் சொல்லிடைவெளிகள் எல்லா வரிகளிலும் சீராக அமையும் என்று கணக்கிடுகிறது. டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் விரிவாக எழுதிய முறை இது. பத்தியின் கடைசியில் ஒரு சொல் மாறினாலும் முதல் வரி வேறிடத்தில் முறியலாம்.

ஒரே கோப்பை இரண்டு முறை இயக்கி, வரிகள் இரண்டு விதமாக வந்தால் கணக்கின்மீதே சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் வீண். ஒரு பாயின்டை 65,536 பங்காக்கி, அந்த நுண்ணலகில் முழு எண்களாகவே டெக் நீளங்களை அளக்கிறது. எந்தக் கணினியிலும் ஒரே முடிவு கிடைக்க வேண்டும் என்பதற்காக, டெக்கை உருவாக்கிய நூத் செய்த ஏற்பாடு அது. ஆகவே வரி மாறியிருந்தால் உள்ளீட்டில் ஏதோ மாறியிருக்கிறது. எழுதியவர் கைபடாத உள்ளீடுகளைத்தான் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது துணைக்கோப்பு. டெக்கின்மீது அமைந்த லேடெக்கில், பின்னால் வரும் ஒரு பக்கத்தைச் சுட்டினால் அதன் எண் முதல் இயக்கத்தில் தெரியாது. அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். எண் துணைக்கோப்பில் பதிவாகி, அடுத்த இயக்கத்தில் வந்து உட்காரும். அகலம் மாறுவதால் வரியும், சில வேளை பக்கமும் மாறும். இன்னொரு முறை இயக்கினால் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

சில நூல்களில் நிலைக்காது. முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் இடும்போது 18க்கு ஐந்து எழுத்துகள் தேவை. 19க்கு மூன்று போதும். 18 என்ற நீண்ட எண் ஒரு வரியைக் கூட்டி, சுட்டப்பட்ட இடத்தை 19ஆம் பக்கத்துக்குத் தள்ளும். அடுத்த இயக்கத்தில் குறுகிய எண் வந்ததும் அந்த வரி குறைந்து, இடம் 18க்கே திரும்பும். எத்தனை முறை இயக்கினாலும் இந்த ஊசல் ஓயாது. எண்ணை நிலையான அகலமுள்ள பெட்டிக்குள் வைக்கலாம். வாக்கியத்தைச் சற்று மாற்றி எழுதுவது அதைவிட நல்லது.

அடுத்தவை எழுத்துருவும் சொற்பிரிப்பு விதிகளும். டெக்கின் இன்னொரு வடிவமான ஸீடெக் கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் எடுத்தாள்வதால், எழுத்துரு புதுப்பிக்கப்பட்டால் எழுத்தின் அகலமும், சொற்பிரிப்பு விதிகள் மாறினால் சொல் முறியும் இடமும் மாறக்கூடும். நீண்ட சொற்களும் குறைந்த இடைவெளிகளும் கொண்ட தமிழ்ப் பத்தியில் இது எளிதில் கண்ணில் படும். அன்றைய தேதியைத் தானே இடும் கட்டளையும் நாளுக்கு நாள் அகலம் மாறும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒவ்வோர் இயக்கத்துக்குப் பின்னும் துணைக்கோப்பைப் படியெடுத்து வைத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். அவை ஒன்றாக இருந்தால் பதிவுக்கோப்பில் தொகுதிகளின் பதிப்புகளையும், கணினியில் எழுத்துருக்களின் பதிப்புகளையும் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்து வரிகள் நிலைத்ததும், மூலக்கோப்போடு எழுத்துருவையும் மென்பொருள் பதிப்பையும் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். மறுபதிப்பு எப்போது வந்தாலும் அதே வரிகளைப் பெற அதுவே உறுதியான வழி.