பாம்பன் பாலத்து மனிதர்கள்

பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஓடிய நாட்களில், மண்டபத்தைத் தாண்டியதும் ரயில் வேகத்தைக் குறைத்து ஊர ஆரம்பிக்கும். பெட்டிக்குள் பேச்சு அடங்கிவிடும். சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சிலர் முடிச்சவிழ்த்துச் சில்லறை எடுத்துக் கடலில் எறிவார்கள். கைப்பிடிச் சுவர் என்று எதுவும் கிடையாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் நேரே தண்ணீர்தான். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. 1914-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பலுக்கு வழிவிட மேலே எழும்பும் தூக்குப் பாலம் ஒன்றும் அதில் உண்டு. 1988-ல் சாலைப் பாலம் வரும்வரை ராமேசுவரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான் கதி.

மண்டபத்தில் ரயில்வே லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். எங்கள் வரிசையில் பாதிக்குமேல் பாலத்தில் வேலை பார்த்த குடும்பங்கள்தான். கீமேன், தண்டவாளம் சரிசெய்யும் கேங்மேன், பாரம் தூக்கும் கலாசி, பெயிண்டர், மேஸ்திரி. பையன்களுக்குள் சண்டை முற்றினால், “எங்கப்பா தூக்குப் பாலத்துல வேலை பாக்குறாரு, தெரியும்ல?” என்று ஒருவன் சொல்வான். அதற்குமேல் யாராலும் பேச முடியாது.

பக்கத்து வீட்டு மாமா கீமேன். விடிந்ததும் பழைய சோறும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். தோளில் நீளப்பிடிச் சுத்தியல், ஸ்பேனர், பையில் சுருட்டிய சிவப்புக் கொடிகள், ஆபத்தென்றால் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் கட்டிவைக்கும் பட்டாசு. போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், வரும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டு வருவார். பாலத்தில் ஏறிவிட்டால் கவனமெல்லாம் தண்டவாளக் கட்டைகளைக் கர்டர் என்னும் இரும்பு உத்தரத்தோடு பிணைக்கும் கொக்கி போல்ட்டுகளில்தான். சந்தையில் சட்டி வாங்கும் பெண்கள் தட்டிப் பார்த்தே கீறலைக் கண்டுபிடிப்பார்களே, அப்படிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாலே அவருக்குத் தெரிந்துவிடும். தளர்ந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காற்று ஆளைச் சாய்க்கப் பார்க்க, நிதானமாக முறுக்குவார். கட்டைகளுக்கு நடுவே கீழே பச்சையாகக் கடல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு லீவு நாளில் என்னையும் பாலத்தின் முகப்புவரை கூட்டிப்போனார். முதல் கர்டருக்கு மேல் காலை வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. “கீழ பாக்காத தம்பி. அடுத்த கட்டைய மட்டும் பாரு” என்றார். அதற்கப்பால் என்னை விடவில்லை. அவர் மட்டும் போனார். வெயில் ஏற ஏற, தூரத்தில் ஒரு காக்கிப் புள்ளியாகத் தெரிந்தார்.

பெயிண்டர்களின் பாடு இன்னும் மோசம். அந்தக் கடல்காற்றில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. கர்டருக்கு அடியில் கயிற்றில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து துருவைச் சுரண்டி, பெயிண்ட் பூசுவார்கள். ஒரு கோடியில் ஆரம்பித்து மறுகோடி போய்ச் சேர்வதற்குள், ஆரம்பித்த இடத்தில் மறுபடி செம்மண் நிறம் தட்டியிருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது துருத்தூள் விழுந்து கண் சிவந்திருக்கும். கைக்குழந்தைக்காரி வீட்டு வாசலில் போய் நின்று, கண்ணில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டுக்கொண்டு, மறுநாள் காலை அதே பலகையில் ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதை அவர்கள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

தூக்குப் பாலத்தைத் திறக்கிற நாள் என்றால் ஊரே கரைக்கு வந்துவிடும். வெளியூர்க்காரர்கள் அதை மின்சாரத்தில் திறப்பதாக நினைப்பார்கள். அப்படியில்லை. கப்பல் காத்துக்கொண்டிருக்க, முதலில் தண்டவாளத்தின் இணைப்பைக் கழற்றுவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நீண்ட இரும்புக் கம்பிகளைப் பிடித்துச் செக்குச் சுற்றுவதுபோலச் சுற்றி வருவார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரண்டு சிறகுகளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும். அந்தத் தூக்குப் பகுதிக்கு ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயர். அது அவருடைய கண்டுபிடிப்பு, பெயர் நிலைப்பதில் நியாயம் இருக்கிறது. சுற்றியவர்களின் கையில் தோல் உரிந்ததும் அதே அளவு உண்மை.

1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி எங்கள் வீடுகளில் உரக்கப் பேச மாட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயலில் கடல் கொண்டுபோன இரவு அது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. பாலத்தில் 126 கண்களின் கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன, தூக்குப் பாலம் தப்பியது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். இளம் பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். அவருக்கு எல்லாப் பெருமையும் உரியது. ஆனால் கடலுக்கடியில் கர்டர்கள் கிடந்த இடத்தைச் சொன்னவர்கள் மீனவர்கள். அலையில் நின்று அவற்றைக் கட்டி இழுத்தவர்கள் தினக்கூலிகளும் கலாசிகளும். சொந்தபந்தத்தைப் புயலுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே வேலைக்கு வந்தவர்களும் அதில் இருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் கண்ணால் பார்த்த புயல் 1978 நவம்பரில் வந்தது. இரவு முழுக்க ஓடு பறந்தது. குழந்தைகளை எல்லாம் ஒரே வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். விடியும் முன்பே, காற்று முழுசாக அடங்காத நேரத்தில், மாமாவும் இன்னும் சிலரும் லாந்தரோடு கிளம்பினார்கள். பாலம் முழுவதையும் நடந்து பார்த்தவர்கள் சரி என்று சொன்னால்தான் வண்டி விடுவார்கள். மாமி வாசல்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. எங்கம்மா கொண்டுபோய்க் கொடுத்த காபி அவர் பக்கத்திலேயே ஆறிப்போய்க் கிடந்தது. உச்சிப்பொழுதுக்குப் பிறகு மாமா வந்தார். புருவத்திலும் மீசையிலும் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. “பாலம் எப்படிண்ணே இருக்கு?” என்று அப்பா கேட்டார். “நாலஞ்சு போல்ட்டு லூசு. முறுக்கியாச்சு. வண்டி விடலாம்னு சொல்லிட்டோம்” என்றார். அவ்வளவுதான். கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அடுத்த வண்டி பாலத்தில் ஏறியது. ராமநாதசாமியைத் தேடிக் காசியிலிருந்து வந்தவர்கள் அதில் இருந்திருப்பார்கள். இலங்கையிலிருந்து வந்து ராமேசுவரத்தில் கப்பல் இறங்கி, தகரப் பெட்டியும் பிள்ளைகளுமாக மண்டபம் முகாமுக்கு வந்துகொண்டிருந்த மலையகத் தமிழர்கள் எதிர்த்திசை வண்டியில் இருந்திருப்பார்கள். போல்ட்டை முறுக்கியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று மாமாவும் எதிர்பார்க்கவில்லை. வீரம் என்றதும் நமக்கு வாளும் போர்க்களமும்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு மாமாவின் அந்தச் சாப்பாட்டு நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

2007-ல் பாலம் அகலப்பாதை ஆனது. 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. அதில் தூக்குப் பகுதி மின்சாரத்தில் செங்குத்தாக எழும்புகிறது. யார் கையும் உரிய வேண்டியதில்லை, அதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. பழைய பாலத்தின் கதையை ஏதாவது ஒரு பலகையில் எழுதும்போது, நீளத்தையும் ஆண்டையும் பொறியாளர்களையும் எழுதுங்கள். கூடவே கீமேன், கேங்மேன், கலாசி, பெயிண்டர்களின் பெயர்களையும் சேருங்கள். சம்பளப் பட்டியல்கள் எங்காவது இருக்கும். இல்லாவிட்டால் மண்டபத்திலும் பாம்பனிலும் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சீக்கிரம் போங்கள்.