முத்திரை பெற்ற மொழி

ஒரு மொழியை அறிந்திருப்பது வேறு. அறிந்திருக்கிறார் என்று ஊரும் அரசும் ஒப்புக்கொள்வது வேறு. என் வாப்பாவின் தாயார் அரபுத் தமிழ்க் கிதாபுகளைத் தங்குதடையின்றி ஓதுவார். வீட்டுக் கணக்கையும் அந்த எழுத்திலேயே எழுதிவைப்பார். ஆயினும் ரேஷன் கடையிலும் பத்திரப் பதிவிலும் அவர் கட்டைவிரல் ரேகைதான் வைத்தார். அவர் அறிந்த எழுத்தைக் கேட்பார் அங்கே எவருமில்லை. எம் சமுதாயத்தில் இத்தகைய மூதாட்டியர் எத்தனை பேர் வாழ்ந்து மறைந்தனர் என்பதை வாசகர்கள் தத்தம் குடும்பங்களை நினைத்துப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

2022 ஆம் ஆண்டு ரமலானுக்குப் பின் ஒருநாள், என்னிடம் அரபி பயின்ற பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் அங்கே உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் இருந்தாள். “உஸ்தாத், இங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு இருமொழிப் புலமைக்கென்று ஒரு முத்திரை தருகிறார்கள். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டுமாம். மகள் குர்ஆனை மூன்று முறை கத்தம் செய்தவள். அரபியில் எழுதச் சொல்லலாமா?” என்று கேட்டார்.

அவர் குறிப்பிட்டது ‘சீல் ஆஃப் பைலிட்டரசி’ என்னும் அங்கீகாரம். அதன் பிறப்பு வரலாறு சுவையானது. கலிபோர்னியா மாநில மக்கள் 1998 இல் வாக்கெடுப்பு ஒன்றின் வழியே, பள்ளிகளில் கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும் என்று சட்டம் செய்தனர். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு அம்மொழி ஒரு குறையாகவே எண்ணப்பட்ட காலம் அது. அச்சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, அதே மாநிலத்தில் கல்வியாளர் கூட்டமைப்பு ஒன்று, அந்தக் குறையை நிறையாக எழுதிக் காட்டும் வழியாக இம்முத்திரையை 2008 அளவில் உருவாக்கியது. 2011 இல் அது மாநிலச் சட்டமாகி, 2012 இல் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டிலேயே 10,000 க்கும் மேற்பட்ட மாணவர் அதைப் பெற்றனர். ஆங்கிலக் கட்டாயச் சட்டம் நீக்கப்பட்டதோ 2016 ஆம் ஆண்டில்தான். நியூயார்க் 2012 இல் இதனை ஏற்றது. நியூஜெர்சியில் 2016 இல் சட்டமாயிற்று. பின்னர் ஏனைய மாநிலங்களும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. இல்லினாய் மாநிலத்தில், இம்முத்திரை பெற்றவர் உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு அயல்மொழி கற்றதற்கு ஈடாக அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன.

இந்த மொழிக்குத்தான் தருவோம், அந்த மொழிக்குத் தரமாட்டோம் என்ற பேதம் அதில் இல்லை. பள்ளியில் கற்பிக்கப்படாத மொழியாயினும், ஏற்புடைய தேர்வு கிடைக்குமாயின் போதும். தமிழுக்கும் அத்தகைய தேர்வு உண்டு.

தேர்வின் இயல்பை அறிந்தபோதுதான் தந்தையின் கேள்விக்கு விடை தெளிவாயிற்று. வாழும் மொழியாயின் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கும் அளக்கப்படும். தொடக்க நிலை, இடைநிலை, மேனிலை என்று படிகள் அமைத்து, ஒவ்வொன்றையும் கீழ், நடு, மேல் என மூன்றாகப் பகுத்திருக்கிறார்கள். நியூஜெர்சி கேட்பது இடைநிலையின் நடுப்படி. அதாவது தன் வீடு, பள்ளி, உணவு, பயணம் முதலியவை பற்றி மனப்பாடமாக அன்றித் தானே வாக்கியம் அமைத்துப் பேசவும், வினாக் கேட்கவும், எழுதவும் இயல வேண்டும். இலத்தீன் போன்ற பழம்மொழிகளுக்குப் பேச்சுத் தேர்வு கட்டாயமன்று. அரபிக்கு அச்சலுகை இல்லை, இருக்கவும் கூடாது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்குவது அது.

அந்தப் பெண்ணின் ஓதல் அழகானது. தஜ்வீது பிசகாது. ஆனால் “நேற்று நீ என்ன செய்தாய்?” என்று அரபியில் கேட்டேன், மௌனம். இதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நம் மக்தபுகள் ஓதக் கற்பிக்கின்றன; அதற்காகவே அவை ஏற்பட்டன. மதரஸாவில் ஏழாண்டு இருந்து இப்னு மாலிக்கின் அல்ஃபிய்யாவை ஒப்பித்தவர்களிலும், ஓர் அரபியரோடு கால்மணி நேரம் உரையாட வல்லவர் அரியரே. ஆழமான கல்விதான் அது. ஆயினும் அத்தேர்வு கேட்கும் கல்வி வேறு.

நம் மாநிலத்திலும் மேனிலைப் பள்ளியில் அரபியை முதல் பகுதி மொழியாகக் கொள்ளலாம். நானே அப்படிப் பலருக்குக் கற்பித்திருக்கிறேன். ஆனால் எழுத்துத் தேர்வில் பெறும் மதிப்பெண்ணே அங்கு எல்லாம். பிரெஞ்சையோ அரபியையோ எளிதில் எண்பது, தொண்ணூறு வாங்கலாம் என்பதற்காகவே எடுப்போர் உண்டு. பொறியியல் சேர்க்கைக்கோ கணிதமும் இயற்பியலும் வேதியியலும்தான் கணக்கு. தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கிய என் மாணவர் ஒருவர் வளைகுடா சென்றிறங்கிய அன்று, வாடகைக் காரோட்டியிடம் இந்தியில் பேசித்தான் அறை சேர்ந்தார். மதிப்பெண் பட்டியலில் பொய்யில்லை. ஆனால் அது எதைச் சொல்லவில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நலம்.

ஆகவே, “தமிழில் எழுதட்டும்” என்றேன். தந்தைக்குச் சற்று ஏமாற்றம். “தமிழா? அது வீட்டில் பேசுவதுதானே, உஸ்தாத்!” என்றார். வீட்டில் பேசுவதனாலேயே அது அவளுக்குச் சொந்தம் என்றேன். அவள் தன் உம்மும்மாவின் மடியில் வளர்ந்தவள். கேட்டலிலும் பேச்சிலும் குறையில்லை. எழுத்துதான் அறியாள்.

வாரம் மூன்று நாள், எனக்கு சுபுஹுக்குப் பின்னும் அவளுக்கு முந்திய மாலையிலுமாகப் பாடம் நடந்தது. அரபி கற்பிக்கும் நான் ‘அ’னா எழுதப் பழக்கினேன். எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்புவாள். ரகர றகரமும், மூன்று னகரங்களும் அவளைப் படாதபாடு படுத்தின. ஒருநாள், “காலையில் பசியாறினேன், மதியம் மீன் ஆணம் சாப்பிட்டேன்” என்று எழுதியிருந்தாள். ‘காலை உணவு’, ‘குழம்பு’ என்று மாற்றலாமா என ஒரு கணம் நினைத்தேன், மாற்றவில்லை. பசியாறுதலைவிட நல்ல தமிழ் எது? ஆணமோ பழைய அகராதிகளில் இடம்பெற்ற சொல். திருத்துபவர் அறியாராயின் அறிந்துகொள்ளட்டும்.

நாலாம் மாதம் அவள் சோர்ந்துபோனாள். பள்ளிப் பாடச் சுமையும் சேர்ந்தது. “எனக்கு வராது உஸ்தாத்” என்றாள். அந்நாளில்தான் உம்மும்மா தம் பெட்டியிலிருந்து ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். அவருடைய தாயார் அரபுத் தமிழில் எழுதிய குறிப்புகள் அவை. பெண் அதைக் குர்ஆன் எழுத்தென்று எண்ணி ஓதத் தொடங்கினாள். கூடுதல் புள்ளியிட்ட எழுத்துகளில் தடுமாறினாள். உம்மும்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். இரண்டாம் வரியில் வாயிலிருந்து வந்தது தமிழ். யார் யாருக்கு எத்தனை படி அரிசி கைமாற்றாகக் கொடுத்தது என்ற கணக்கு! தனக்கு நான்கு வயது முதல் தெரிந்த எழுத்து, பிறந்தது முதல் தெரிந்த மொழி. இரண்டும் ஒரே வரியில் கூடும் என்று அவளிடம் அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. அன்றிரவே அந்தப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எனக்கு அனுப்பினாள். பதினோரு பிழைகள் இருந்தன. அதன்பின் வராது என்ற சொல் அவளிடமிருந்து வரவில்லை.

2023 இல் தேர்வெழுதினாள். கேட்டலிலும் பேச்சிலும் வேண்டியதற்கு மேலேயே கிடைத்தது. எழுத்தில் கேட்ட படியைத் தொட்டாள். அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை. பட்டயத்தில் முத்திரை பதிந்தது. மதிப்பெண் ஏட்டிலும் ‘தமிழ்’ என்று குறித்தார்கள். உம்மும்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி, எந்த இடத்தில் தமிழ் என்று இருக்கிறது எனக் கேட்டாராம். அது ஆங்கில எழுத்தில் இருந்ததால் பேத்தி விரல்வைத்துக் காட்டினாள்.

இப்போது அவளுடைய தம்பி தனக்கு அரபியில்தான் முத்திரை வேண்டும் என்கிறான். அவனோடு இலக்கணத்தில் தொடங்கவில்லை. கடைக்காரரும் வாடிக்கையாளருமாக இருவரும் மாறி மாறிப் பேசுகிறோம். தக்காளி விலையைக் குறைக்கச் சொல்லி நேற்று அவன் என்னோடு அரபியில் பத்து நிமிடம் வாதாடினான், நான் குறைக்கவில்லை.