மருத்துவமனை போய், சாப்பல் மட்டும்

லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள் சில படங்கள் அனுப்பியிருந்தாள். பொன் பதித்த கூரை, பச்சையும் சிவப்புமாகப் பளிங்குச் சுவர், நடுவே கல்யாணத்துக்காக வரிசையாகப் போட்ட நாற்காலிகள். “அத்தை, இங்கயா நீங்க டூட்டி பார்த்தீங்க? எவ்வளவு அழகு!” என்று கேட்டிருந்தாள். அழகுதான். ஆனால் நான் ஏங்குவது அந்தக் கூரைக்காக இல்லை. அந்தச் சாப்பலைச் சுற்றி இருந்த மிடில்செக்ஸ் மருத்துவமனைக்காக.

மார்டிமர் தெருவில் 1757 முதல் இருந்த மருத்துவமனை அது. 2005 கடைசியில் மூடினார்கள், 2008-ல் இடித்தார்கள். பாரம்பரியக் கட்டடம் என்ற சட்டப் பாதுகாப்பு இருந்ததால் சாப்பல் மட்டும் முழுதாகத் தப்பியது. வங்கி நெருக்கடியில் புதிய கட்டட வேலை நின்றுபோக, வெட்டவெளியான பெருநிலத்தில் அது சில வருடம் தன்னந்தனியே நின்றது. இப்போது சுற்றிலும் அடுக்குமாடி வீடுகளும் அலுவலகங்களும். சதுக்கத்துக்கு, சாப்பலைக் கட்டிய பியர்சனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ட்ரூரோ பேராலயத்தை வடிவமைத்தவர் ஜான் லஃப்பரோ பியர்சன். இந்தச் சாப்பல் வேலையை அவர் 1891-ல் தொடங்கினார், 1897-ல் இறந்துபோனார். மகன் ஃபிராங்க் தொடர்ந்தார். உள்ளே மொசைக்கும் பளிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வேலை முழுதும் முடிய 1929 ஆகிவிட்டது. வெளியே பார்த்தால் வெறும் செங்கல். கதவைத் தள்ளினால் தங்க வானமும் அதில் நட்சத்திரங்களும். ஞானஸ்நானத் தொட்டி ஒரே பச்சைப் பளிங்கில் குடைந்தது. அதன் விளிம்பில் கிரேக்க எழுத்துகள் ஓடும், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. சம்பந்தர் பாடிய மாலைமாற்றை அறிந்த ஊர்க்காரிக்கு அது ஒரு தனிச் சந்தோஷம்.

பழைய மருத்துவமனைக் கட்டடம் தளர்ந்து, 1928 முதல் 1935 வரை முழுவதையும் மாற்றிக் கட்டினார்கள். அப்போதும் சாப்பலைத் தொடவில்லை. சுற்றியிருந்த பழைய சுவர்கள் விழ, புதிய சுவர்கள் எழுந்து அதை மறுபடி உள்ளே வைத்துக்கொண்டன. ஆக, மருத்துவமனை ஒருமுறை அதைவிட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. இரண்டாம் முறை வரவில்லை.

நான் அங்கே நர்ஸாக வேலை பார்த்தது தொண்ணூறுகளில். வார்டிலிருந்து இறங்கி, நீளமான வராந்தாவில் டிராலிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். மருந்து வாசம், வேகவைத்த முட்டைக்கோஸ் வாசம், யாரோ அழும் சத்தம் எல்லாம் கூடவே வரும். அதன் முடிவில் அந்தக் கதவு. யூனிஃபார்மோடு கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். ஆபரேஷன் முடியக் காத்திருக்கும் கணவர், டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பைஜாமாவில் வந்த நோயாளி, இரவு வேலை முடிந்த போர்ட்டர், முக்காடிட்ட ஒரு அம்மா... எல்லாரும் அங்கே இருந்தார்கள். எந்தக் கடவுள் என்று யாரும் கேட்டதில்லை. டாக்டர் ஒருவருடைய பிளீப், அதாவது பேஜர், திடீரென்று அடிக்கும். ஒருவர்கூட முகம் சுளித்துத் திரும்ப மாட்டார். அந்தச் சத்தம் இல்லாமல் அந்த இடத்தை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ரட்யார்ட் கிப்ளிங் 1936-ல் இந்த மருத்துவமனையில்தான் இறந்தார். உடலைச் சாப்பலில் வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய வரலாறு பிராடரிப் வார்டு. எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்றே அமைந்த அந்த வார்டை இளவரசி டயானா 1987 ஏப்ரலில் திறந்து வைத்து, கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று உலகம் பயந்த காலம். அந்த வார்டிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களைப் பராமரித்த தோழிகள் அழுவதற்கு வந்த இடம் சாப்பல். 1993-ல் கிடியன் மெண்டல் அந்த வார்டின் வாழ்க்கையைப் படம் எடுத்தார். 2017-ல் அந்தப் படங்களை இதே சாப்பலில் காட்சிக்கு வைத்தார்கள் என்று கேள்விப்பட்ட நாளில் எனக்கு மனம் ஆறவே இல்லை. அந்தக் கட்டிலும் அந்த முகங்களும், கொஞ்ச நாளைக்காவது, இருக்க வேண்டிய இடத்துக்கு அருகே வந்தன.

காப்பாற்றியவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் இல்லாவிட்டால் செங்கல்கூட மிஞ்சியிருக்காது. ஆனாலும் மருத்துவமனைச் சாப்பல் என்பது வார்டுக்கும் பிணவறைக்கும் நடந்தே போகிற தூரத்தில் இருந்தால்தான் முழுமை. அந்தத் தங்கம், பயந்துபோய் வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்காகப் பதித்தது.

கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் வேறு வழி கண்டார்கள். அங்குள்ள புனித கிறிஸ்டோபர் சாப்பல் 1875-ல் எட்வர்ட் பாரி கட்டியது. பழைய கட்டடத்தை இடிக்கும் நிலை வந்தபோது, சாப்பலைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைத்து, அடியில் கான்கிரீட் தளம் போட்டு, அப்படியே முழுதாக நகர்த்திப் புதிய கட்டடத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். 1994 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. இன்றும் அங்கே பெற்றோர்கள் வைத்துவிட்டுப் போகும் கரடி பொம்மைகள் அடுக்கில் இருக்கின்றன. டூட்டி நடுவே ஒரு நர்ஸ் அங்கே போய் உட்கார முடியும்.

அண்ணன் மகளும் குழந்தைகள் நர்ஸ்தான். அங்கே இடம் காலியானால் உடனே விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன்.