இரண்டு தோள்கள்

எளிமை என்பது நம்மிடையே கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்ட ஒரு மதிப்பீடு. நானும் பத்து வருஷங்களாக அதைச் சொல்லித்தான் விமர்சனம் எழுதிவருகிறேன். அதில் எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டினால். நண்பர்கள் சிரிக்காமல் படிக்க வேண்டும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது பெதெஸ்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் விளையாட்டு வரிசை. மாயாஜால தேசம் ஒன்றில் நாமே ஓர் ஆளாகி அலைகிறோம், கிடைத்ததை உடுத்திக்கொள்கிறோம். பி.ஏ. படித்த காலத்தில் எனக்கு வாய்த்த பழைய கம்ப்யூட்டரில் புதியவை ஓடாது. எனவே 2002ல் வந்த மாரோவிண்டைத்தான் ஆடினேன். அதில் இடது தோளுக்கு ஒரு கவசம், வலது தோளுக்கு வேறொன்று. கையுறைகளும் தனித்தனி. மார்புக்கு ஒன்று, கால்களுக்கு ஒன்று, உள்ளே சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே அங்கி. காசில்லாத என் ஆள் ஒரு தோளில் இரும்பும் மறு தோளில் எலும்புக் கவசமுமாகத் திரிந்தான். பார்க்க விகாரம்தான். ஆனால் எந்தத் துண்டு எங்கே கிடைத்தது என்பதை அவன் உடம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

2006ல் ஆப்லிவியன் வந்தபோது தோள்கள் மார்புக் கவசத்தோடு சேர்ந்துவிட்டன. கையுறை ஜோடியாயிற்று. கவசத்தின்மேல் அங்கி போட முடியாது. ஈட்டி என்ற ஆயுதமே மறைந்தது. 2011ல் ஸ்கைரிமில் கால் கவசமும் மார்போடு ஒன்றாயிற்று. நியாயமாகச் சொன்னால் லாபமும் உண்டு. ஸ்கைரிமில் இரண்டு கைகளுக்கும் வெவ்வேறு ஆயுதமோ மந்திரமோ தரலாம்; உலையில் தானே வாள் அடித்துக்கொள்ளலாம். கவசங்கள் முழு உடையாகப் பொருந்தி அழகாகவும் இருக்கின்றன. அணிந்தவன் பட்ட பாடுதான் அவற்றில் தெரிவதில்லை.

போன தீபாவளிக்கு அக்கா மகன் ஸ்கைரிம் ஆடிக்கொண்டிருந்தான். ஒரு தோளை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். "எதுக்குங் மாமா தனியா மாத்தோணும்?" என்றான். அவனுக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

என் அப்பா மஞ்சள் மண்டியில் மூட்டை சுமந்தவர். வலது தோளில்தான் சுமப்பார். சட்டை எடுத்த ஆறு மாதத்தில் வலது தோள் நைந்துவிடும். இடது தோள் புதுசாகவே இருக்கும். அம்மா அந்த இடத்துக்கு மட்டும் வேறு துணியில் ஒட்டுப் போடுவாள். சட்டைக்குத் தோள்கள் இரண்டு என்பது எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்.

எளிமைப்படுத்துவதே பிசகு என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் ஊரில் 1925ல் தொடங்கிய குடி அரசு, 1935ல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டது. 1978ல் தமிழக அரசும் அதை ஏற்றது. ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் போயின. ஒரு சொல்லோ ஓர் ஒலியோ போகவில்லை. கற்கிற, அச்சுக் கோக்கிற சிரமம் மட்டுமே குறைந்தது. விளையாட்டில் தோள்கள் சேர்ந்தபோதோ சிரமத்தோடு சொல்லக்கூடிய ஒரு விஷயமும் போய்விட்டது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துத்தான் நாம் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

நாலு வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர், சுமை தூக்குகிறவரைப் பற்றிய தம் கவிதையை என்னிடம் காட்டினார். பாங்க் முடிந்து டீக்கடையில் நின்றபடி படித்தேன். 'வலது தோள்' என்றிருந்தது. 'வலது' மிகை என்று பென்சிலால் அடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கவிதை அப்படியே அச்சாயிற்று. செறிவாக இருப்பதாக நானே எழுதவும் செய்தேன்.

அப்பாவின் சட்டையைப் பார்த்து வளர்ந்தவன் அந்தச் சொல்லை அடித்திருக்கக் கூடாது. தொகுப்பில் சேர்க்கும்போது அதைத் திரும்பப் போடும்படி நண்பருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.