பால்கனி எந்தப் பக்கம் பார்க்குது?

நாகர்கோவில்காரன் கன்னியாகுமரியில் ரூம் போட்டுத் தங்கப் போறேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? எங்க வீட்டில் நம்பலை. "எதுக்கு மக்களே? பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். ராத்திரி வந்து வீட்டில கிடந்து உறங்க வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்டாங்க.

நியாயமான கேள்விதான். வெறும் இருபது கிலோமீட்டர். ஆனா அதுதான் எங்க ஊர்க்காரங்களோட பிரச்னையே! மதுரை மாமாவும் சென்னை சித்தியும் வந்து சூரிய உதயம் பார்த்துட்டுப் போவாங்க. நாங்க சாயங்காலம் போவோம், மாங்காய் சுண்டல் தின்போம், கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்துடுவோம். இருபது வருஷமா இந்த மாவட்டத்தில் இருக்கேன். குமரியில் சூரியன் உதிக்கிறதை நான் பார்த்தது எல்லாம் தினசரி காலண்டர் அட்டையில்தான்.

ஃபைனல் இயர் முடியப்போகுது. தோவாளை, பூதப்பாண்டி, மார்த்தாண்டம், நாகர்கோவில், அப்புறம் தூத்தூர் பக்கத்து கடற்கரைக் கிராமம் ஒண்ணு... இப்படி அஞ்சு ஊர், அஞ்சு பேர். இனிமே ஆளுக்கு ஒரு திசை. ஒரே ஒரு ராத்திரி சேர்ந்து தங்கணும்னு முடிவாச்சு. ஆளுக்கு 700 ரூபாய். கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான். பால்கனி வேணும், கட்டில்ல படுத்துக்கிட்டே சூரியன் வர்றதைப் பார்க்கணும்.

இந்த விஷயத்தில் எங்க குடும்பத்தில் ஒரு எக்ஸ்பெர்ட் இருக்கார். பெரியம்மா பையன். வெளிநாட்டு சொகுசுக் கப்பலில் ரூம் சர்வீஸ் வேலை. வாட்ஸ்அப்பில் பிடிச்சு, "அண்ணே, பால்கனி ரூம் எப்படிப் பார்த்து எடுக்கிறது?"ன்னு கேட்டேன். அண்ணன் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துட்டார்.

"லேய், கப்பல்ல முதல்ல ரூம் எப்படி இருக்குன்னு கேட்கக்கூடாது. அதுக்கு மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்குன்னு கேட்கணும். மேல நீச்சல் குளமோ சாப்பாட்டு ஹாலோ இருந்தா தொலைஞ்சே. காலையில அஞ்சு மணிக்கு நாற்காலி இழுக்கிற சத்தத்துல எழுந்திருப்பே. மேலேயும் ரூம், கீழேயும் ரூம், அந்த மாதிரி தளமா பார்த்து எடுக்கணும்."

அடுத்தது ஆட்டம். கப்பல் அலையில் சீசா மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்குமாம். நடுவில் இருக்கிறவனுக்கு ஆட்டம் கம்மி. டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரனை மட்டும் தூக்கிப் போடுமே, அதே கணக்கு. கீழ்த்தளமா இருந்தா இன்னும் நல்லது. உச்சித் தளத்தில் முன்பக்க பால்கனி எடுத்தவங்க போட்டோவில் ராஜா மாதிரி இருப்பாங்க, நேரில் காத்துக்கு அஞ்சு நிமிஷம்கூட நிற்க முடியாது. சில பால்கனிக்கு நேர் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். காசு கொடுத்தது கடலுக்கு, பார்க்கிறது படகோட வயிற்றை!

"அப்புறம் இடதா வலதான்னு பாரு. மும்பையில இருந்து கொச்சிக்குத் தெற்கே வர்ற கப்பல்ல வலது பக்கம் எடுத்தா சூரியன் மறையறது தெரியும். இடது பக்கம் எடுத்தா கரை தெரியும். அதே கப்பல் இலங்கையைச் சுத்தி சென்னை போனாலும் இடது பக்கம்தான் கரை. போற வழி தெரியாம பக்கம் சொல்லக்கூடாது."

2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டெலியா சொகுசுக் கப்பல் கிளம்பினப்போ, நம்ம ஆட்களும் இந்த இடது வலது கேள்வியை எல்லாம் கேட்க ஆரம்பிச்சுட்டாங்களாம். எல்லாம் கேட்டுட்டு, "அண்ணே, உங்க ரூம் பால்கனி எந்தப் பக்கம்?"ன்னு கேட்டேன். சிரிச்சார்.

"எனக்கு ஜன்னலே கிடையாதுலே. என் கட்டில் கடல் மட்டத்துக்குக் கீழ. கப்பல் கொச்சியில இருந்து கொழும்பு போகும்போது பிரேக் கிடைச்சா, ஓடிப்போய் இடது பக்கமா நிப்பேன். தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியும். முட்டம் லைட்ஹவுஸ்தான்னு நானா முடிவு பண்ணிக்கிடுவேன்."

பிப்ரவரி கடைசியில் கிளம்பினோம். சபரிமலை சீசனில் குமரியில் ரூம் கிடைக்கிறதே பெரிய விஷயம். சீசன் முடிஞ்சு, அதுவும் வார நாள் என்பதால் எங்களுக்கும் கொஞ்சம் மரியாதை கிடைச்சுது.

முதல் லாட்ஜ். 'சீ வியூ' என்று போர்டு. ரூமில் எங்கே தேடியும் கடலைக் காணோம். கூட்டிட்டுப் போன அண்ணன் பாத்ரூம் ஜன்னலைத் திறந்து, "கொஞ்சம் கழுத்தை வெளிய விட்டு வலது பக்கமா பாருங்க தம்பி" என்றார். பார்த்தோம். சும்மா சொல்லக்கூடாது, ஒரு சாண் கடல் இருந்தது.

ரெண்டாவது லாட்ஜில் உண்மையிலேயே பால்கனி, உண்மையிலேயே கடல். ஆனா நடுவில் பக்கத்து பில்டிங்கோட கறுப்பு தண்ணி டேங்க். அண்ணன் சொன்ன உயிர்காப்புப் படகு இதுதான்! அது மட்டுமில்லை, ரூமுக்கு நேர் மேலே மொட்டை மாடி. குமரியில் மொட்டை மாடின்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். விடிகாலையில் ரூம் பாய் ஒவ்வொரு கதவாத் தட்டி "சன்ரைஸ், சன்ரைஸ்"னு எழுப்புவார். மொத்த லாட்ஜும் பெட்ஷீட்டைப் போர்த்திக்கிட்டு மேலே ஏறும். கீழே படுத்திருக்கிறவன் தலையில் குதிரைப் படை போகும். வேண்டாம்னு நடையைக் கட்டினோம்.

இந்த இடத்தில் பூகோளம் கொஞ்சம். போரடிக்காது, கவலைப்படாதீங்க. 'சன்ரைஸ் வியூ'ன்னு போர்டு வைச்சா வருஷம் பூரா அது உண்மையா இருக்க முடியாது. ஏன்னா சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிக்கிறதில்லை. ஜூன் கடைசியில் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி, கூடங்குளம் கரைக்குப் பக்கத்தில் வரும். டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. மொத்த வித்தியாசம் 47 டிகிரி. கையை நேரா நீட்டி முஷ்டியை மடக்கினா அது சுமார் 10 டிகிரி. அப்படின்னா கிட்டத்தட்ட அஞ்சு முஷ்டி தூரம் சூரியன் வருஷத்தில் நகருது! ஜூனில் சூப்பரா இருந்த பால்கனி டிசம்பரில் பக்கத்துச் சுவரைப் பார்த்துட்டு நிற்கும்.

சாயங்காலமும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நேரா கடலில் இறங்கும். ஜூன், ஜூலையில் மேற்கே கரைக்கு மேலே, மலைப் பக்கமா ஒதுங்கிடும். அந்த மாசங்களில் மாடி பால்கனி எடுத்தா இன்னொரு தொல்லையும் உண்டு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுத்த விடுற அதே தென்மேற்குக் காத்து, உங்க கதவையும் ராத்திரி பூரா ஆட்டும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கட்டின கட்டடம் ஒண்ணு அங்கேயே இருக்கு. 1956-ல் கட்டின காந்தி மண்டபம். அக்டோபர் 2-ம் தேதி நண்பகலில், அஸ்தி வைச்சிருந்த இடத்தில் வெயில் விழற மாதிரி கூரையில் துவாரம் விட்டிருக்காங்க. ஒரு நாளுக்காக அவ்வளவு கணக்கு! நம்ம போர்டு எழுதுறவங்க 365 நாளைக்கும் சேர்த்து ஒரே வரி எழுதிடுறாங்க. அதனால முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, செல்போனில் திசைகாட்டியைத் திறந்து பால்கனி கம்பியில் வைச்சுப் பாருங்க. பிப்ரவரி கடைசின்னா கிழக்கிலிருந்து ஒரு முஷ்டி தெற்கே. அந்தக் கோட்டில் சுவரும் டேங்க்கும் இல்லைன்னா ஓகே. குமரியில் உதயம் மாசத்துக்குத் தகுந்த மாதிரி சுமார் 6 மணிக்கும் 6.40-க்கும் நடுவில். அலாரம் அதுக்கேத்த மாதிரி.

மூணாவது லாட்ஜில் ஒரே வாடகையில் ரெண்டு ரூம் காலியா இருந்தது.

ஒண்ணு மூணாவது மாடி. நேர் கிழக்கு. கதவைத் திறந்தா கடல், கடல், கடல் மட்டும்தான். வலது ஓரத்தில் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், ரெண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். மேலேயும் ரூம், கீழேயும் ரூம். அண்ணன் பாடத்தில் நூத்துக்கு நூறு! தோவாளைக்காரன் அதுக்குள்ள கட்டிலில் விழுந்து இடம் பிடிச்சாச்சு.

இன்னொண்ணு ரெண்டாவது மாடி, மூலை ரூம், வடகிழக்கு பார்த்தது. பாதிதான் கடல். மீதிப் பாதியில் அலங்கார உபகார மாதா கோயிலோட வெள்ளைக் கோபுரம், பச்சையும் மஞ்சளுமா மீனவர் வீடுகள், மாடியில் காயப் போட்ட துணி, கரையில் ஏத்தி வைச்ச வள்ளங்கள். சூரியன் வலது ஓரமா வரும். எட்டிப் பார்க்கணும்.

எதை எடுக்கிறதுன்னு கேள்வியே இல்லை. பணத்தை எண்ணிட்டு இருந்தேன். அப்போதான் தூத்தூர் பக்கத்துப் பையன், வழக்கமா எதுக்கும் "உனக்க இஷ்டம்" என்று சொல்றவன், வாயைத் திறந்தான்.

"மக்கா, மத்த ரூமை எடுப்போமா? அதுல கரை தெரியுது."

நாங்க கலாய்ச்சோம். "கடல்காரன் கடலைப் பார்க்க மாட்டேங்கிறான்டே!" அவனும் சிரிச்சான். அப்புறம் பால்கனி கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். நாலு வருஷமா கூடவே இருந்தும் எங்ககிட்ட சொல்லாத கதை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அவன் அப்போ ஏழாம் கிளாஸ். அவங்க அப்பா ஆழ்கடல் படகில் போய் பத்து நாளாகியிருந்தது. அவங்க ஊர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க ஒரு தடவை போனா வாரக்கணக்கில் கழிச்சுத்தான் வருவாங்க. அவங்களுக்குப் புயல் வருதுன்னு தகவலே போய்ச் சேரலை. அவன் அம்மா மொட்டை மாடியில் ஏறி நின்னாங்க. சாப்பாடு மேலேயே போச்சு. தூக்கம் மேலேயே. ஒன்பது நாள். ஒன்பதாவது நாள் மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. அப்பா படகு அங்கே ஒதுங்கியிருந்தது. ஆள் பத்திரம். அதே தெருவில் மூணு வீட்டுக்குப் போன் வரவே இல்லை.

"எனக்க வீட்டுல கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறதுன்னா அதுக்கு வேற அர்த்தம் மக்கா. அப்பா இப்பவும் தொழிலுக்குப் போறாரு. நானும் லீவுக்குக் கூடப் போவேன். கடல்ல நிக்கும்போது ஒண்ணும் தோணாது. கரையில நின்னு ஒண்ணுமே இல்லாத கடலைப் பார்த்தா, கண்ணு படகைத் தேட ஆரம்பிச்சிரும். உறக்கம் வராது."

தோவாளைக்காரன் கட்டிலிலிருந்து எழுந்து தன் பையைத் தூக்கித் தோளில் போட்டான். யாரும் எதுவும் பேசலை. சாவியை மாத்தி வாங்கிட்டு ரெண்டாவது மாடிக்கு இறங்கினோம்.

அந்த மூலை ரூமைப் பத்தி உண்மையைச் சொல்லணும்னா, கீழ்த் தெருவில் நடக்கிற பேச்செல்லாம் காதில் விழும். பத்து மணிவரை சின்னப் பசங்க கிரிக்கெட். மீன் வாடை தாராளமா வரும். ஆனா பால்கனியில் அஞ்சு பேர் உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருந்துக்கிட்டே இருந்தது. அவன்தான் கமென்ட்ரி. வலையைப் பார்த்து என்ன மீனுக்குன்னு சொன்னான். ஒரே மாவட்டத்தில் ரெண்டு மீன்பிடித் தடைக்காலம் இருக்குன்னு அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கன்னியாகுமரி, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை. நாகர்கோவிலில் இருபது வருஷமா மீன் வாங்கித் தின்கிற எனக்கு இது தெரியாது!

அவன் அம்மா போன் பண்ணினாங்க. ஸ்பீக்கரில் கேட்டுது. "எங்கடே இருக்க?" "கரையில தாம்மா. கோயில் தெரியுது." "சரி, உறங்கு."

விடிகாலை சின்னமுட்டம் பக்கமிருந்து விசைப்படகுகள் வரிசையா விளக்கோட போனதை எண்ணினேன். பதினாலு வரை எண்ணிட்டு விட்டுட்டேன். ஆறரைக்கு மேலே மொட்டை மாடியில் கூச்சல். எட்டிப் பார்த்தா அடிவானத்தில் மேகம். சூரியன் கடலிலிருந்து எழுந்து வர்ற காலண்டர் காட்சி எல்லாம் கிடையாது. மேகத்துக்கு மேலே, பத்து நிமிஷம் லேட்டா, பால்கனியோட வலது ஓரத்தில் வந்தது. மாதா கோயில் கோபுரம் முதல்ல சிவந்தது, அப்புறம் வள்ளங்கள், அப்புறம் காயப் போட்ட துணி.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "எந்தப் பக்கம் பால்கனி?"ன்னு கேட்டார். "கரைப் பக்கம்"னு போட்டேன். ஒரு கட்டை விரல் மட்டும் வந்தது.

தூத்தூர்காரன் அப்போ நல்ல உறக்கத்தில் இருந்தான். எழுப்பலை.