ஓடையை அளக்கும் கேமரா

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், வறண்ட குன்றுகளுக்கு நடுவே ஓடி ஜான் டே ஆற்றில் கலக்கிறது பிரிட்ஜ் கிரீக். தன் படுகையைத் தானே அறுத்து ஆழத்தில் இறங்கிவிட்ட ஓடை அது. வெள்ளம் கரையேறிப் பரவுவது அருகிப்போனது. கொறிக்கும் விலங்குகளான பீவர்கள் கட்டிய அணைகளையும் வெள்ளம் உடைத்துக்கொண்டே இருந்தது. 2009 முதல் ஆய்வாளர்கள் ஓடையின் குறுக்கே மரக்கம்பங்களை அறைந்து, இடையில் வில்லோ கிளைகளைப் பின்னினார்கள். பீவர்களுக்கு அது பிடிமானம். நீர் தேங்கினால் வண்டல் படியும். வண்டல் படிந்தால் படுகை உயரும். உயர்கிறதா என்று பார்க்கும் அளவைக் குழுவினருடன் நானும் ஓடையில் இறங்கினேன்.

சிறிய டிரோன், நீண்ட கழியில் மாட்டிய சாதாரண கேமரா, கறுப்பு வெள்ளைக் கட்டமிட்ட பலகைகள், ஜிபிஎஸ் கருவி. தளவாடம் இவ்வளவுதான். வேலை பலகைகளில் தொடங்குகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் அவற்றைப் பரப்பி, ஒவ்வொன்றின் மையத்திலும் ஜிபிஎஸ் கம்பத்தை ஊன்றினார் ஓர் இளம்பெண். கம்பத்திலுள்ள நீர்மட்டக் குமிழி நடுவில் நிலைக்கும்வரை குளிர்ந்த நீரில் அசையாமல் நின்றார். இந்தப் புள்ளிகள் பிசகினால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் பிசகும்.

அடுத்தது படமெடுப்பு. ஒரு படத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம் அடுத்த படத்திலும் விழ வேண்டும். ஒரே கல்லைப் பல கோணங்களில் பார்த்துத்தான் மென்பொருள் அதன் உயரத்தைக் கணித்து, நிலத்தின் முப்பரிமாண மாதிரியை உருவாக்குகிறது. நேர் கீழாக மட்டுமே எடுத்தால் சமதரைகூட மாதிரியில் குவிமாடமாக வளைந்துவிடும். அதனால் சாய்கோணப் படங்களும் தேவை. நீருக்கடியில் இன்னொரு சிக்கல். ஒளி விலகுவதால் படுகை மேலே இருப்பதுபோலத் தெரியும். தெளிந்த நீரில் தோற்ற ஆழத்தை 1.34ஆல் பெருக்கித் திருத்துகிறார்கள். கலங்கிய நீரிலும் வில்லோ புதரிலும் கேமரா உதவாது. அங்கே அளவுகோலோடு மனிதர்தான் இறங்க வேண்டும். ஓடை செழிக்கச் செழிக்கப் புதரும் அடரும், கேமராவின் பார்வை சுருங்கும். அந்த இடங்களைக் கையால் அளப்பவர்களின் உழைப்பு வரைபடத்தில் தனியாகத் தெரிவதில்லை.

இந்த ஆண்டின் மாதிரியிலிருந்து முந்தையதைக் கழித்தால், மண் எங்கே படிந்தது, எங்கே அரிக்கப்பட்டது என்பது நிறத்தில் தெரிகிறது. அளவைப் பிழையின் எல்லைக்குள் அடங்கும் மாற்றத்தை, அது தங்களுக்குச் சாதகமாக இருந்தாலும், இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த நேர்மைதான் என்னை மிகவும் கவர்ந்தது. படம் சொல்வது நிலத்தின் மாற்றத்தை மட்டுமே, மீன்களின் நிலையை அல்ல. மீன்களைப் பிடித்து அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்தவர்கள்தான், ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகள் இங்கே பெருகியதையும் கூடுதலாகப் பிழைத்ததையும் 2016இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள்.

விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளக்கும் முறைக்கு ஆகும் செலவைச் சிறிய குழுக்கள் ஆண்டுதோறும் தாங்க முடியாது. கேமரா அளவையைத் தாங்க முடியும். ஓடையைச் சீரமைக்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், பல ஆண்டுகள் அதை அளப்பதற்கும் அளப்பவர்களின் கூலிக்கும் அதே திட்டத்தில் இடம் வைக்க வேண்டும். செய்த வேலை பலித்ததா என்று தெரிந்தால்தான் அடுத்த ஓடையில் கம்பத்தை எங்கே அறைவது என்பதும் தெரியும்.