முட்டத்துப் படகுக்காரர்களுக்குக் கீழப்பாவூரிலிருந்து ஒரு மடல்

முட்டத்தில் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் வைத்துப் படகு கட்டிய அண்ணாச்சிமாருக்கும், அந்தப் படகுகளைத் திட்டிக்கொண்டே கடலுக்குக் கொண்டுபோன பெரியவர்களுக்கும்,

எங்கள் ஊர் கீழப்பாவூர். பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வர வேண்டும். பெரிய குளம் உண்டு, குளத்தில் தண்ணீரும் உண்டு, பதினாறு கை நரசிம்மர் கோயில் உண்டு, வீட்டுக்கு வீடு பீடித்தட்டு உண்டு. கடல் மட்டும் கிடையாது. படகு என்று நாங்கள் பார்த்தது குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் வெண்ணமடைக் குளத்தில் மிதிக்கிற படகுதான். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒருவன் படகு கட்டியவர்களுக்கு நன்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் பட்டறையில் இன்று தண்ணீர்த் தொட்டி செய்கிறோம், குளியலறைக் கதவு செய்கிறோம், கடைகளுக்குப் பெயர்ப்பலகை, கோயில் கொடைக்கு யாளி முகம், கூரைத் தகடு எல்லாம் செய்கிறோம். எல்லாம் பைபர். அச்சுக்கு மெழுகு தேய்ப்பது முதல் ரோலர் போட்டுக் காற்றுக் குமிழை விரட்டுவது வரை, இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கடற்கரையில் படித்தது. எனக்கு அங்கே சம்பளம் போட்டவர்கள் உண்டு. கற்றுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இந்தக் கடிதம் இரண்டாமவர்களுக்கு.

நான் அங்கே வந்து சேர்ந்த கதை மரத்தில் தொடங்குகிறது. என் தாய்மாமா செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். கட்டுமரத்துக்கு நல்ல லேசான மரம் கிடைக்குமா என்று கடற்கரை ஆட்கள் அந்தக் கடைக்கு வந்து நிற்பார்கள். எழுபதுகளிலேயே அந்த மரம் அரிதாகிக்கொண்டு வந்தது. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு காட்டு மரம் இன்னும் இறுகிப்போனது. வள்ளம் குடைய வேண்டிய பெரிய மாமரமும் சுலபத்தில் அகப்படவில்லை. கிடைத்தாலும் விலை தொட முடியாது. கட்டுமரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் கனக்கும், கனத்தால் ஓடாது. அதனால் கரை வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் காயப்போட வேண்டும். இதையெல்லாம் மாமா வீட்டுக்கு வந்து சொல்லுவார். அவர் மூலமாகத்தான் உங்கள் ஊரில் ஒரு கைவேலை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் முட்டம் எனக்குப் பாரதிராஜா படத்தில் வந்த பாறைகளும் கலங்கரை விளக்கும்தான்.

நான் வருவதற்கு முன்பே பெரிய பாடெல்லாம் முடிந்திருந்தது. பியர் ஜில்லே என்கிற பெல்ஜியம் நாட்டுப் பொறியாளர் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தோடு சேர்ந்து, உங்களோடு கிடந்து, முட்டத்தில் படகு கட்டும் மையத்தை நடத்திய நாட்களைப் பற்றி நான் கேட்ட கதைகள் ஏராளம். இங்கிலாந்திலிருந்து ஷூமேக்கர் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழுவின் வழியாகப் படகு வடிவமைப்பாளர் கிஃபோர்டு வரைபடம் கொடுத்தார். உள்ளே வெற்றிடமாக, ஒட்டுப்பலகையில் ஒரு கட்டுமரம். அதற்குக் கோட்டார்கேட் என்று பெயர் வைத்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, “கட்டுமரம்னா தண்ணி ஏறி எறங்கும், அது முங்காது. இது பெட்டி. பெட்டி முங்கும்” என்றார்களாம். நியாயமான சந்தேகம். அப்புறம் அதைத் திருத்தி, அகலத்தைக் கூட்டி, முன்புறத்தை உயர்த்தி, ஓட்டிப் பார்த்து, மறுபடியும் திருத்தி, வள்ளத்துக்குப் பக்கத்தில் வருகிற வடிவங்களுக்குப் போனார்கள். இந்தப் பாட்டையெல்லாம் ஜில்லே 1985-இல் ஒரு புத்தகமாக எழுதினார். பெயர் ‘ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்’. சிறியதே அழகு என்று எழுதிப் பேர் வாங்கிய ஷூமேக்கருக்கு, சிறியதைச் செய்து பார்த்தவர் சொன்ன பதில் அது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் நன்றி அந்தத் திருத்தத்துக்கு. படகை ஓட்டுகிறவன் குறை சொன்னபோது அவனுக்குப் புத்தி போதாது என்று நினைக்காமல் பலகையை மாற்றி அறுத்தீர்களே, அதற்கு. சென்னையில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் கரையில் ஏற்றும் படகுகளை இப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தது. நார்வேக்காரர் குல்பிரான்ட்சன் வரைந்த பைபர் படகில், கரை நெருங்கும்போது விசிறியையும் தண்டையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் காரைநகரில் சீநோர் நிறுவனம் கண்ணாடியிழைப் படகு கட்டியது. அவரவர் கரை, அவரவர் அலை. அங்கே பொருந்தியதை அப்படியே தூக்கி வந்து முட்டத்துச் சுழியில் விட்டால் கவிழும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

வேலைக்கு வருகிறேன். வந்த புதிதில் எனக்குக் கொடுத்தது செம்புக்கம்பியும் குறடும். பலகைகளை அச்சுப்படி அறுத்து, ஓரத்தில் சாண் இடைவெளிகூட இல்லாமல் துளை போட்டு வைத்திருப்பீர்கள். இரண்டு பலகையின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, துளையில் கம்பியைக் கோத்து, குறடால் முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க, தரையில் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழுந்து படகாக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது கண்கட்டு வித்தைதான். நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்த பெரியவர் ஒருவர், “இது ஒண்ணும் புதுசு இல்ல மக்கா, எங்க அப்பன் கயித்துல தச்சாரு, நாங்க கம்பில தைக்கோம்” என்றார். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த கட்டுவள்ளம் உங்கள் கரைக்குப் பழக்கம். அலையில் மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். அதனால்தான் புதுப் படகில் மற்ற எதைச் சந்தேகப்பட்டாலும் தையலை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

தைத்து முடிந்ததும் உள்மூலையில் ரெசின் களிம்பை விரலால் வழித்து நிரப்பி, அதன்மேல் கண்ணாடியிழை நாடாவை ஒட்ட வேண்டும். அது இறுகியதும் வெளிப்பக்கம் கம்பியைக் கத்தரித்து, விளிம்பை மழுக்கி, அங்கேயும் நாடா. முழு பைபர் வேலை வந்தபோது பாடம் மாறியது. அச்சுக்கு மெழுகு, பிறகு மேல்தோலாகிற ஜெல்கோட், அது கையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதத்தில் மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பு, அதன்மேல் ரெசின், அப்புறம் ரோவிங் என்கிற நெய்த இழை. ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலக்கிவிட வேண்டும், கேட்டலிஸ்ட் கடைசியில்தான். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் தீப்பிடிக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்த அண்ணாச்சி, இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில்கூட வைக்க விடமாட்டார். என் பட்டறையில் இன்றும் அவை வேறு வேறு சுவர்ப் பக்கம் இருக்கின்றன. புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த இரண்டு சுவர்களைத்தான். ராத்திரி உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் அரிக்கும்போது தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளி என்று சொன்னதும் அவர்தான். அந்த அரிப்பு மட்டும் எண்ணெய்க்கும் அடங்கவில்லை.

பாய் விரித்து ஓடுவதையும் நான் உங்களால்தான் பார்த்தேன். எண்பதுகளில் வெளிப்பொருத்து எஞ்சின் வந்து, மண்ணெண்ணெய் வாடை கரையெல்லாம் அடித்தபோதும், சில பெரியவர்கள் முக்கோணப் பாயை விடவில்லை. விடியும் முன் கரைக்காற்று கடலைப் பார்த்து வீசும், அதில் போவார்கள். வெயில் ஏறினால் கடற்காற்று திரும்பி வீசும், அதில் வருவார்கள். செலவு ஒரு பைசா இல்லை. என்னை ஒருநாள் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறிக் கால் முழுக்க நனைய, பாய்க்கயிறு என் காதருகே விண்ணென்று இழுபட, வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. “தென்காசிக்காரனுக்கு அருவித் தண்ணிதான் லாயக்கு” என்று ஒருவர் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். சுக்கானுக்குப் பதில் ஒரு துடுப்பை இடுக்கிக்கொண்டு நின்றவர் மட்டும் சிரிக்காமல் பாயின் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்று அரை விரல் திரும்பினாலும் அவர் துடுப்பும் திரும்பியது. அந்தப் பார்வையை எந்த அச்சிலும் வார்த்தெடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளச்சலும் கீழமணக்குடியும் பட்டது ஊரறிந்தது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த வருடத்தை. உதவி என்று பணம் வந்து குவிந்தது, கரை நெடுகப் படகுப் பட்டறைகள் முளைத்தன, பைபர் படகு இட்லி மாதிரி வார்த்தெடுக்கப்பட்டது. மேட் ஒரு அடுக்கு குறைந்தாலும் ஜெல்கோட் பளபளவென்றுதான் இருக்கும். வாங்குகிறவன் கண்ணுக்கு மேல்தோல்தான் தெரியும். அந்த நாட்களில் அடுக்கைக் குறைக்க மறுத்து, ஆர்டரை விட்டவர்கள் உங்களில் சிலர் உண்டு என்று நான் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தில் இந்த ஒரு பத்தியை அவர்களுக்கென்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கச் செய்தி ஒன்று. பைபரும் காற்றும் இப்போது எங்கள் காட்டுக்கே வந்துவிட்டன. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் அரசு காற்றாலை நட்டது. பிறகு கயத்தாறு, முப்பந்தல் என்று பரவி, ஆலங்குளம், சுரண்டை வரை வந்தது. அந்த இறக்கை என்ன என்று நினைக்கிறீர்கள்? அச்சில் போட்ட கண்ணாடியிழைதான். நீள டிரெய்லரில் அதை ஏற்றிப் பாவூர்சத்திரம் முக்கில் திருப்ப முடியாமல் ஆட்கள் முன்னும் பின்னும் கத்திக்கொண்டிருந்த ஒருநாள், கூட்டம் டிரைவரை வேடிக்கை பார்த்தது. நான் இறக்கையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒட்டு எங்கே வருகிறது, தடிமன் எங்கே குறைகிறது என்று கை தானாகத் தேடியது. அந்தக் கை நீங்கள் கொடுத்தது.

ஆனி, ஆடியில் உங்களுக்கு அலை எழும்பிக் கடலில் இறக்க முடியாமல் படகு கரையில் கிடக்கும். அதே மேல்காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாக எங்களுக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. உங்களுக்குப் பஞ்சம் வைக்கும் மாதம் எங்களுக்குச் சீசன் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அதனால் இந்த ஆடியில் கடலுக்குப் போக முடியாத நாளாகப் பார்த்து, குடும்பத்தோடு புறப்பட்டு வாருங்கள். நாகர்கோவிலில் ஏறினால் திருநெல்வேலி, அங்கே மாறினால் பாவூர்சத்திரம். பைபர் பட்டறை என்று கேட்டால் யாரும் வழி சொல்லுவார்கள். காலையில் ஐந்தருவியில் குளிக்கலாம், சாப்பாடு எங்கள் வீட்டில். மீன்குழம்பு வைக்கச் சொல்லமாட்டேன், உங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு மீன்குழம்பு எடுபடாது. நாட்டுக்கோழி வைக்கச் சொல்லுகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் தொழில் படித்த
கீழப்பாவூர்க்காரன்